எட்டடி

டொல்பின் வானின் பின்சீற்றைக் கழற்றி
மெத்தை போட்டாயிற்று.
காஸ் குக்கர், இருபது லீற்றர் தண்ணீர்க் கலன்,
நுளம்புத்திரி, நெத்தலிக் கருவாடு.
கூடாரம் நஸ்மியுடையது.
கட்டாரிலிருந்து அவள் தம்பி கொண்டுவந்தது,
மணலுக்கென்று தைத்தது.
குளக்கரையில் எப்படி நிற்குமென்று
அவளுக்கும் தெரியாது.

ஆடியில் கந்தளாய்க் குளம் இறங்கிக் கிடக்கிறது.
நீர் விட்டுப்போன இடமெல்லாம் புல்.
எங்கு பார்த்தாலும் இடம்தான்,
அதுதான் சிக்கல்.

முதலாவது நான் சொன்னது. மருதமர நிழல்.
வான் நேராகப் போய் நிற்கும், படத்துக்கு அழகு.
நிரஞ்சலா அண்ணாந்து பார்த்தாள்.
"பட்ட கொப்பு. இரவைக்குக் கச்சான் அடிச்சா
எங்கட தலையிலதான்."

இரண்டாவது, தண்ணீருக்குப் பக்கத்திலேயே.
செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள்.
குதிக்கால் பதிந்த குழியில் ஈரம் ஊறியது.
எங்களுக்கு மேலே, கரையில்,
காய்ந்த பாசியின் கோடு.
"குளம் தன்ர எல்லையை எழுதி வச்சிருக்கு. வாசியும்."

மூன்றாவதில் யானை இலத்தி.
குச்சியால் உடைத்துப் பார்த்தாள். உள்ளே பச்சை.
"நேற்றையது. இது அவையின்ர றோட்டு."
இறக்கி வைத்த கதிரைகளை
நான் திரும்ப ஏற்றினேன்.

நான்காவதைத் தோணிக்காரர் ஒருவர் மறுத்தார்.
முதலைக்கு அவரிடம் தமிழ்ச்சொல் இருக்கவில்லை,
இரு கைகளையும் வாயாக்கித் திறந்து மூடினார்.

ஐந்தாவது எனக்கு இடமாகவே தெரியவில்லை.
ஒரு மேடு, ஒரு வீரை, கொஞ்சம் கல்.
அவள் போத்தல் தண்ணீரைத் தரையில் ஊற்றி
எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பார்த்து நின்றாள்.
காற்றுக்கு முதுகாக வாசல். அடுப்பு தள்ளி.
சுற்றிவர ஒரு சாண் வாய்க்கால்,
மழையே இல்லாத ஆடியில் வாய்க்கால்,
அகப்பைக் காம்பால் கீறினாள்.
அரபியில் இருந்த விளக்கத்தாளை
நான் இன்னும் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"உமக்கு இதெல்லாம் எப்பிடி"
என்று தொடங்கியபோதே எனக்கு விளங்கிவிட்டது.

இந்தப் பயணத்துக்கு முகாம் என்ற சொல்லை
ஒருமுறைகூட அவள் எடுக்கவில்லை.
கேம்பிங் என்றாள், நஸ்மியைப்போல இழுத்து.
சம்பூரிலிருந்து வெளிக்கிட்டபோது பதின்மூன்று வயது.
வெள்ளைத் தறப்பாள், அதில் ஒரு இலக்கம்:
சீ நாற்பத்தொன்று.
கயிறு பிடித்து அளந்து கொடுத்த இடம்.
மாரியில் நாற்பதின் வெள்ளம் இவர்களுக்கு,
இவர்களுடையது நாற்பத்திரண்டுக்கு.
அரையடி தள்ளி நட்டாலும்
யாரோ ஒருவர் கோப்போடு வந்து
பிடுங்கச் சொல்வாராம்.
இதை அவள் சொன்னது
கல்யாணமாகி ஆறாம் வருஷம்,
தொலைந்த கரண்ட் பில்லைத் தேடிக்கொண்டு,
வேறேதோ கதையின் நடுவில்.

இரவு சோறும் கருவாட்டுக் குழம்பும்.
குளக்கட்டில் ஒரு சைக்கிள் வெளிச்சம்
போய்க்கொண்டே இருந்தது.
"நான் வானுக்க படுக்கிறன்.
கதவு பூட்டுற சத்தம் கேட்டாத்தான் நித்திரை வரும்."
சரி என்றேன்.
கட்டார்க் கூடாரத்தில் நானும்
எங்கிருந்தோ வந்த ஒரு வெட்டுக்கிளியும்.

விடிய நாலு மணி இருக்கும்.
கூடாரம் அசைந்தது.
யானை என்று மூச்சை அடக்கினேன்.
"எழும்பும். அந்த முளையைப் பிடுங்கும்."
டோர்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
மறுமூலையில் அவள்.
"தண்ணி ஏறுதா?"
"இல்லை."
"யானையா?"
"இல்லையப்பா. அங்கால வைப்பம். எட்டடி."
"ஏன்?"

கல்லால் முளையை அடிக்கத் தொடங்கியிருந்தாள்,
அவசரமில்லாமல், ஒவ்வொன்றாய்.

புது இடம் பழையதைவிட நல்லதில்லை.
ஒரு வேர் என் முதுகில் சரியாகக் குத்தியது.
நான் அதைச் சொல்லவில்லை.
அவள் வாசல் ஸிப்பை அரைவாசி திறந்துவிட்டு
பக்கத்தில் சரிந்து, உடனே தூங்கிப்போனாள்.

வெளிச்சம் வந்தபோது பார்த்தேன்:
எட்டடிக்கு அப்பால் அந்த வாய்க்கால்
நாலு பக்கமும் ஒழுங்காக,
நடுவில் கொஞ்சம் நசிந்த புல்லோடு,
ஒருவரையும் காக்காமல் கிடந்தது.